வாசகர் கேள்வி – பதில்: கரையோரப் பறவைகளைக் காண எந்த பைனாகுலர்?

கேள்வி: நான் மண்டபத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. ஐப்பசி முதல் மாசி வரை, விடுமுறை நாட்களில் தனுஷ்கோடிச் சாலையை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்புகளில் பூநாரைகளையும் உள்ளான்களையும் பார்ப்பது என் வழக்கம். இப்போது சொந்தமாக ஒரு பைனாகுலர் வாங்க விரும்புகிறேன். 20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், தோள்பையில் அடங்க வேண்டும். கடைக்காரர் 10×25 போதும் என்கிறார். தம்பி 8×32 வாங்கச் சொல்கிறான். உடன் பணிபுரியும் ஒருவர் 10×42க்குக் குறைந்து எதையும் வாங்கக் கூடாது என்கிறார். நான் மூக்குக் கண்ணாடி அணிபவள். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் தம்பி சொன்னதையே நானும் சொல்வேன். 8×32, அல்லது அதற்கு மிக நெருக்கமான 8×30 வாங்குங்கள். நீங்கள் பார்க்கப்போகும் இடமும் அங்குள்ள வெளிச்சமும் காற்றும் எப்படிப்பட்டவை என்பதை வைத்தே இதைச் சொல்கிறேன். ஆகவே காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெருக்கற்குறிக்கு முன்னால் உள்ள எண், உருவம் எத்தனை மடங்கு அருகில் வந்ததுபோலத் தெரியும் என்பதைக் குறிக்கிறது. பின்னால் உள்ள எண், முன்பக்க லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. கடைகளில் முதல் எண்ணைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். ஆனால் 400 மீட்டர் தொலைவில் நிற்கும் பூநாரை, எட்டு மடங்கில் 50 மீட்டரில் நிற்பதுபோலவும், பத்து மடங்கில் 40 மீட்டரில் நிற்பதுபோலவும் தெரியும். இந்தப் பத்து மீட்டர் நன்மைக்காக நாம் கொடுக்கும் விலை அதிகம். கையின் நடுக்கமும் அதே மடங்கில் பெருகும். தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரை, ஒதுங்க மரமே அரிதான திறந்த மணல்வெளியில், வாடைக்காற்று தோளைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, பத்து மடங்குக் கருவியை அசையாமல் பிடிப்பது பழகியவருக்கே கடினம். வெயில் ஏறிய பிறகு மணலுக்கும் நீருக்கும் மேல் எழும் கானலும் உருப்பெருக்கத்தோடு சேர்ந்து பெரிதாகித் தெரியும். காலை ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் பத்து மடங்குக் கருவியில் தெரிவது பெரிதாக்கப்பட்ட கானல்தான். பறவையின் அலகு வளைந்ததா நேரானதா என்பதை அதில் தீர்மானிக்க முடியாது.

அடுத்தது பார்வைப் பரப்பு. இதைக் கருவியின் மேலேயே பாகையிலோ, 1000 மீட்டர் தொலைவில் இத்தனை மீட்டர் என்றோ அச்சிட்டிருப்பார்கள். ஒரு பாகை என்பது 1000 மீட்டரில் ஏறத்தாழ 17.5 மீட்டர் அகலம். நல்ல 8×32 கருவிகள் ஏழரைப் பாகை அளவில், அதாவது 130 மீட்டர் அகலத்தைக் காட்டும். 10×25 வகையில் பெரும்பாலும் ஐந்தரை முதல் ஆறு பாகைதான் கிடைக்கும். பூநாரைகள் ஒரே இடத்தில் தலைகவிழ்ந்து மேய்வதால் குறுகிய பரப்பே போதும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஆலா அப்படி நிற்பதில்லை. அது அலைக்கு மேலே வளைந்து வளைந்து பறந்து, நினையாத நொடியில் நீரில் பாயும். குறுகிய பரப்பில் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அது மீனோடு போய்விடும். உள்ளான் கூட்டம் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் திரும்பும் காட்சியும் அகன்ற பரப்பில்தான் முழுதாகக் கிடைக்கும்.

மூன்றாவது வெளிச்சம். லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 10×25இல் அது 2.5 மில்லிமீட்டர், 8×25இல் 3.1, 8×32இல் 4, 10×42இல் 4.2. நடுப்பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் அந்நேரத்தில் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு தெரியாது. கடைக்காரர் பட்டப்பகலில் கடைவாசலில் காட்டும்போது சிறியதும் பெரியதும் ஒன்றுபோலத் தெரிவது அதனால்தான். விடியலிலும் அந்தியிலும் கண்மணி ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கும் விரியும். இளையவர்களுக்கு அதற்கு மேலும் விரியும். அப்போது 2.5 மில்லிமீட்டர் ஒளிக்கற்றை போதாமல் காட்சி மங்கும். நம் மாவட்டத்தில் பார்க்கத் தக்க நேரங்களே அந்த இரண்டும்தான். இராமநாதபுரம் நகரை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாயில் நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் மரங்களுக்கு வந்தடைவது பொழுது சாயும் வேளையில். தேர்த்தங்கலிலும் சித்திரங்குடியிலும் அப்படியே. பவளக்காலியின் கால் சிவப்பா, பச்சைக்காலியின் கால் பச்சையா என்று பிரித்தறிய நிறம் தெரிய வேண்டும், நிறம் தெரிய ஒளி வேண்டும். ஒரே உருப்பெருக்கத்தில் 32 மில்லிமீட்டர் லென்ஸ், 25 மில்லிமீட்டர் லென்ஸைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதல் ஒளியை வாங்கும்.

அப்படியானால் 10×42 அல்லது 8×42 ஏன் கூடாது? கூடாது என்பதில்லை, ஒளியைப் பொறுத்தவரை 8×42 இன்னும் மேலானது. ஆனால் அவை 600, 700 கிராம் எடை கொண்டவை, தோள்பையில் பாதியை நிறைத்துவிடும். 8×32 பெரும்பாலும் 450 முதல் 550 கிராமுக்குள் அடங்கும். வீட்டில் வைத்துவிட்டுப் போகத் தூண்டும் கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும் பயனில்லை. 8×25 இன்னும் இலேசானது. இரண்டாவது கருவியாக, எப்போதும் பையில் கிடக்கட்டும் என்று வைத்துக்கொள்ள ஏற்றது. ஒன்றே ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்பதால் அதை நான் சொல்லவில்லை.

மூக்குக் கண்ணாடி அணிபவர் முதலில் பார்க்க வேண்டிய எண் வேறு. கண்ணருகே உள்ள லென்ஸிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தூரம் தள்ளிக் கண்ணை வைத்தால் முழுக் காட்சியும் தெரியும் என்பதை ‘ஐ ரிலீஃப்’ என்று குறிப்பிடுவார்கள். உங்களுக்கு அது குறைந்தது 15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 16, 17 இருந்தால் நிம்மதி. பத்து, பன்னிரண்டு என்று இருந்தால் காட்சியின் நடுப்பகுதி மட்டும் சாவித்துவாரம் வழியாகத் தெரிவதுபோலத் தெரியும். அகன்ற பார்வைப் பரப்புக்காகக் கொடுத்த பணம் வீணாகும். கண்ணைச் சுற்றிய ரப்பர் வளையத்தைத் திருகி முழுவதும் உள்ளே இறக்கிவிட்டு, கண்ணாடியோடு பார்த்து, வட்டத்தின் விளிம்பு முழுமையாகத் தெரிகிறதா என்று கடையிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நீர் புகாமை நம் கரையில் விருப்பத்தைப் பொறுத்த அம்சமன்று, கட்டாயம். உடலுக்குள் நைட்ரஜன் நிரப்பி ரப்பர் வளையங்களால் மூடிய கருவியில் உட்புறம் பனிபடராது, ஈரக்காற்றும் உப்பும் உள்ளே போகாது. ‘தெறிக்கும் நீரைத் தாங்கும்’ என்பதும் ‘நீர் புகாது’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதையே கேட்டு வாங்குங்கள். உள்ளிருக்கும் பட்டகங்கள் பேக்-4 வகைக் கண்ணாடியால் ஆனவையா, எல்லா லென்ஸ் பரப்புகளுக்கும் பல அடுக்குப் பூச்சு உண்டா என்பவற்றையும் விவரத்தாளில் பாருங்கள். நேர்க்குழாய் வடிவிலான கருவி என்றால் ‘ஃபேஸ்’ பூச்சும் இருந்தால் விளிம்புகள் கூர்மையாகத் தெரியும். மிக அருகில் குவியும் தூரத்தைப் பற்றி விளம்பரங்களில் நிறையச் சொல்வார்கள். தட்டான்களைப் பார்ப்பவருக்கு அது தேவைப்படும், உங்களுக்கு வேண்டியதில்லை.

நிக்கான், செலஸ்ட்ரான், வோர்டெக்ஸ் ஆகிய நிறுவனங்கள் 8×30, 8×32 அளவுகளில் இடைநிலைக் கருவிகளைச் செய்கின்றன. விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆகவே ஒரே நாளில் மூன்று கடைகளில் கேட்டுவிட்டு, மேலே சொன்னவற்றில் தேறுவதை எடுங்கள். தேறியவற்றுள் உங்கள் கைக்கும் கண்ணுக்கும் இதமாக இருப்பதே சரியானது.

கேள்வி: துபாயில் இருக்கும் என் காக்கா (அண்ணன்) விடுமுறைக்கு வரும்போது எனக்கொரு பைனாகுலர் வாங்கிவருவதாகச் சொல்லி, 8×42, 10×32 என இரண்டின் படங்களை அனுப்பியிருக்கிறார். இரண்டும் ஒரே விலை. இரண்டின் பெட்டியிலும் ‘வேட்டைக்கு உகந்தது’ என்று எழுதி, இலை வடிவ உறை போட்டிருக்கிறது. இதை இங்கே வைத்திருந்தால் சட்டச் சிக்கல் வருமா? இரண்டில் எது மேல்? (கீழக்கரை வாசகர்)

பதில்: பைனாகுலர் வைத்திருப்பது குற்றமன்று, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தடைசெய்வது வேட்டையை. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது சுடுவது மட்டுமில்லை; கண்ணி வைப்பது, பிடிப்பது, விரட்டுவது, பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். கௌதாரிக்கும் காடைக்கும் கண்ணி வைப்பது ஊர் வழக்கம்தானே என்று இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வழக்கமாக இருந்தாலும் அது குற்றம்தான். வெளிநாடுகளில் உரிமம் பெற்று வேட்டையாடுவோர் உண்டு; உற்பத்தியாளர்கள் அவர்களை மனத்தில் வைத்து எழுதும் வாசகம் அது.

ஆனால் வேட்டைக்காரர் கேட்கும் குணங்களே பறவை பார்ப்பவருக்கும் வேண்டியவை என்பதைக் கவனியுங்கள். மங்கிய ஒளியில் தெளிவு, மழையைத் தாங்கும் உடல், ஓசையின்றிச் சுழலும் ஃபோகஸ் சக்கரம், ஒளியைத் திருப்பி மின்னாத மேற்பரப்பு ஆகியவை அனைத்தும் சித்திரங்குடிக் கண்மாய்க் கரையிலும் உதவும். இலை வடிவ உறைக்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டாம். வெள்ளை மணலில் பச்சை இலை உறை மறைவு தராது, பறவைகள் அஞ்சுவதும் பெரும்பாலும் நம் அசைவுக்குத்தான்.

வேட்டைக் கருவிகளின் விவரத்தாளில் ‘ட்வைலைட் ஃபேக்டர்’ என்றொரு எண் இருக்கும். உருப்பெருக்கத்தையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வருவது அது. உங்கள் 8×42க்கு 18.3, 10×32க்கு 17.9 என்று ஏறத்தாழச் சமமாக வரும். அதைப் பார்த்து இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்தக் கணக்கில் கண்ணாடியின் தரமோ பூச்சோ கையின் நடுக்கமோ சேர்வதில்லை. ஒளிக்கற்றையின் அகலத்தைப் பார்த்தால் 8×42இல் 5.25 மில்லிமீட்டர், 10×32இல் 3.2 மட்டுமே. எடை உங்களுக்குப் பொருட்டில்லை என்றால் 8×42ஐ வாங்கிவரச் சொல்லுங்கள். அதே நிறுவனத்தின் 8×32 கிடைக்குமா என்றும் கேட்கச் சொல்லுங்கள். தினமும் கொண்டுபோக அது வசதி. வெளிநாட்டில் வாங்கும் கருவிக்கு இந்தியாவில் பழுதுநீக்கும் உத்தரவாதம் செல்லுமா என்பதை அங்கேயே விசாரித்து, ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது.

கேள்வி: தேவிபட்டினத்துக்கு வந்த உறவினர் ஒருவர் வழியில் ஒரு சுற்றுலாத் தலத்தில் ‘30×60’ என்று அச்சிட்ட மடக்கு பைனாகுலரை 900 ரூபாய்க்கு வாங்கிவந்தார். கையடக்கமாக இருக்கிறது, முன்கண்ணாடி செக்கச்செவேலென்று மின்னுகிறது. முப்பது மடங்கு என்றால் 8×32ஐவிட நன்றாகத் தெரிய வேண்டும் அல்லவா? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: அந்தக் கருவியின் மேலேயே பதில் அச்சிடப்பட்டிருக்கும். இவ்வகைக் கருவிகளில் பொதுவாக 1000 மீட்டருக்கு 126 மீட்டர் என்று பார்வைப் பரப்பும் எழுதியிருப்பார்கள். அது 7.2 பாகை. முப்பது மடங்கு பெரிதானால் கண்ணுக்கு 216 பாகை அகலத்தில் காட்சி விரிய வேண்டும். அதாவது உங்கள் காதுகளுக்குப் பின்னால் இருப்பதும் தெரிய வேண்டும். நல்ல கருவிகளிலேயே அந்த விரிவு 50 முதல் 65 பாகை அளவில்தான் இருக்கும். ஆகவே இரண்டு எண்களில் ஒன்றேனும் பொய். 60 என்ற எண்ணையும் நீங்களே சோதிக்கலாம்: ஓர் அளவுகோலை முன்பக்க லென்ஸின் மேல் வைத்துப் பாருங்கள், அதில் பாதிகூட இருக்காது. சிவந்து மின்னும் பூச்சு, சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பச்சை படர்ந்த காட்சியைத் தருகிறது. தரமான பூச்சில் லென்ஸ் மங்கிய பச்சை அல்லது ஊதா நிழலோடு கருமையாகத் தெரியும். பூநாரையின் இறகிலுள்ள இளஞ்சிவப்பைப் பார்க்க இதைவிட வெறுங்கண்ணே மேல். 900 ரூபாய் போனது போகட்டும்; இடக்குழாயும் வலக்குழாயும் ஒரே திசையை நோக்காத இவ்வகைக் கருவியில் நெடுநேரம் பார்த்தால் தலைவலி வரும் என்பதால், குழந்தைகளிடமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வல்லத்தில் வைத்துக்கொள்ள ஒன்று வாங்க வேண்டும். பறவையும் பார்ப்போம், மிதவையும் கொடியும் தேடுவோம். சிறியதாக இருக்கட்டுமா? (தொண்டி வாசகர்)

பதில்: படகுக்கு மட்டும் என் விடை மாறுகிறது. ஆடும் தளத்தில் எட்டு மடங்கே அதிகம். கடலோடிகள் உலகெங்கும் 7×50 வைத்திருப்பது அதனால்தான். அதில் ஒளிக்கற்றை 7 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருப்பதால், படகு ஆடும்போது கண் சற்று விலகினாலும் காட்சி இருண்டுபோகாது. எடை ஒரு கிலோவை ஒட்டியிருக்கும். இரு கண்ணுக்கும் தனித்தனியே ஃபோகஸ் செய்யும் கடல்வகைக் கருவிகள், ஒருமுறை பொருத்திவிட்டால் சில பத்து மீட்டருக்கு அப்பால் உள்ள அனைத்தையும் திருகாமலே காட்டும். ஈரக் கையோடு வேலை செய்பவருக்கு அதுவே வசதி. நீரில் விழுந்தால் மிதக்கும் கழுத்துப்பட்டையையும் சேர்த்து வாங்குங்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதியின்றி இறங்கக் கூடாது என்பதால், அந்தப் பக்கம் போகும்போது தீவுப் பறவைகளைப் படகில் இருந்தபடியே பார்க்க இது பயன்படும்.

கேள்வி: இரண்டாண்டுகளுக்கு முன் வாங்கிய கருவியில் உட்புறம் சிலந்திவலை போன்ற இழைகள் தெரிகின்றன. வெளிக்கண்ணாடியிலும் மெல்லிய கீறல்கள். தோலுறையில் போட்டு அலமாரியில்தான் வைத்திருந்தேன். எதனால் இப்படி? (பாம்பன் வாசகி)

பதில்: இழைகள் பூஞ்சை. அதை வளர்த்தது அந்தத் தோலுறையும் அலமாரியும்தான் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். ஈரமும் இருளும் காற்றோட்டமின்மையும் ஒன்றுசேரும் இடத்தில் பூஞ்சை படரும், அது சுரக்கும் அமிலம் பூச்சையும் நாளடைவில் கண்ணாடியையும் அரிக்கும். கருவியைத் திறந்து சுத்தம் செய்யத் தெரிந்த பழுதுநீக்குநர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். ஆனால் திறந்து மூடிய பின் இரு குழாய்களையும் மீண்டும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது நுட்பமான வேலை என்பதால், கூலியை முதலில் கேட்டு, கருவியின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம். அடுத்த கருவிக்கு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். நிறம் மாறும் வகை ஜெல் ஈரம் குடித்து முடித்ததைத் தானே காட்டிவிடும். அப்போது பொட்டலத்தை மாற்றுங்கள். அடைமழைக் காலத்தில் இதை மறக்கக் கூடாது.

கீறல்கள் சேலைத் தலைப்பாலோ கைக்குட்டையாலோ துடைத்ததால் வந்திருக்கும். நம் கரைக் காற்றில் வருவது நுண்மணலும் உப்பும்; உலர்ந்த துணியால் துடைத்தால் அவை லென்ஸின் மேல் தேய்ந்து பூச்சை அறுத்துவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊத வேண்டும், பிறகு மென்தூரிகையால் தட்ட வேண்டும், அதன் பின்னரே ஈரத்துணி. நீர் புகாக் கருவி என்று உறுதியாகத் தெரிந்தால், தனுஷ்கோடியிலிருந்து திரும்பிய அன்றே மெல்லிய நல்ல தண்ணீர் ஒழுக்கில் உப்பைக் கழுவி, நிழலில் உலர்த்தலாம். நீர் புகாமை இல்லாத கருவிக்கு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத்துணியால் உடலை மட்டும் ஒற்றியெடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், அதுவும் கறையாகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைக்காதீர்கள். உள்ளே ஏறும் வெப்பம் ரப்பர் வளையங்களையும் பசையையும் கெடுத்துவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளியின் இயற்கைக் கழகத்துக்கு ஆறு பைனாகுலர்கள் வாங்க நிதி கிடைத்திருக்கிறது. காரங்காடு அலையாத்திக் காட்டுக்கும் மேலச்செல்வனூர்க் கண்மாய்க்கும் மாணவர்களை அழைத்துப்போக இருக்கிறோம். அவர்களுக்கும் 8×32தானா? (திருப்புல்லாணி ஆசிரியர்)

பதில்: எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு 8×25 வாங்குங்கள், இங்கே சிறியதே சிறந்தது. பிள்ளைகளின் கண்களுக்கிடையே உள்ள தூரம் குறைவு, பெரிய கருவிகள் அந்த அளவுக்கு மடங்குவதில்லை. நடுவே இரண்டு கீல்கள் கொண்ட சிறு கருவி வேண்டிய அளவுக்கு மடங்கும். 300 கிராம் அளவில் இருப்பதால் சிறு கையும் வலிக்காது. ஒளிக்கற்றை குறுகியது என்ற குறை, நல்ல வெளிச்சம் வந்த பிறகே மாணவர்களோடு போவீர்கள் என்பதால் பெரிதாகத் தெரியாது. ஒலிம்பஸின் 8×25 நீர் புகா வகையும் நிக்கானின் 8×25 வகைகளும் பாருங்கள். ஆறில் இரண்டை மட்டும் 8×32ஆக வாங்கினால் மூத்த மாணவர்களுக்கும் உங்களுக்கும் உதவும்.

புறப்படும் முன் பள்ளி வளாகத்திலேயே ஒவ்வொருவருக்கும் பொருத்திக் கொடுங்கள். இரு வட்டங்களும் ஒன்றாகும் வரை குழாய்களை மடக்கச் சொல்லுங்கள். வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் தொலைவிலுள்ள பனைமரத்தின் ஓலை நுனியைப் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருகச் சொல்லுங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலக்கண் அருகே உள்ள வளையத்தை மட்டும் திருகி அதே ஓலை நுனியைத் தெளிவாக்கச் சொல்லுங்கள். வளையம் நின்ற எண்ணை ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டால், கருவி கைமாறும்போது மீண்டும் அங்கே வைத்துக்கொள்ளலாம். கருவி வழியாகச் சூரியனைப் பார்த்தால் பார்வையே போய்விடும் என்பதை முதலிலேயே சொல்லி, மேலச்செல்வனூருக்குக் காலையில் போனால் கிழக்குக் கரையில் நின்றும், மாலையில் போனால் மேற்குக் கரையில் நின்றும் கண்மாயைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அப்போது வெயில் பிள்ளைகளின் முதுகில் விழும், பறவைகளின் நிறமும் தெளிவாகத் தெரியும்.